நானே திருத்திய தாள்

நான் குலா கேட்டு வாங்கியவள். கணவன் விட்டுவிட்டால் அது தலாக். மனைவி தானே முன்வந்து, இந்த மனிதரோடு இனி என்னால் ஆகாது என்று கேட்டுப் பிரிந்தால் அதற்குப் பெயர் குலா. தலாக் ஆனவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் குலா வாங்கியவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வாய்க்காரி, கோபக்காரி என்று பிறந்த வீட்டிலேயே பேரெடுத்தவள் நான். ஆனால் பள்ளிவாசல் ஜமாஅத்தார் தங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் மூன்றாவது வரி மட்டும் என் தொண்டையில் மாட்டிக்கொண்டது. மகள் தாயிடம் வளரலாம். ஆனால் அவளுடைய படிப்பும் தீனும், அதாவது மார்க்கக் கல்வியும், குறையக்கூடாது. குறைந்ததாகத் தந்தை முறையிட்டால் ஜமாஅத் மறுபடி கூடி முடிவு செய்யும்.

அப்போது அவள் நான்காம் வகுப்பு. தாயும் தகப்பனும் சேர்ந்திருக்கிற வீட்டில் பிள்ளைக்கு மார்க் குறைந்தால் டியூஷன் வைப்பார்கள். என் வீட்டில் மார்க் குறைந்தால் பிள்ளையே போய்விடும். அதைத்தான் அந்த வரி சொன்னது. நான் கையெழுத்துப் போட்டேன். என் மகள் படிப்பில் குறைவாளா என்ற திமிரில்தான் போட்டேன்.

அவளுடைய அத்தாவை, அதாவது தகப்பனாரைப் பற்றிக் குறையாகச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பேசாமை வருடக்கணக்கில் நீண்டது. கோபம் வந்தால் இறங்கி வருகிற வழக்கம் எங்கள் இருவரிடமும் கிடையாது.

பிரிந்த பிறகு வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. அவனியாபுரம் தாண்டி இருந்த ஓர் இஸ்லாமியப் பெண்கள் பள்ளியில் எனக்குத் தமிழ் ஆசிரியை வேலை கிடைத்தது. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும். அவளையும் அங்கேயே சேர்த்தேன். காலையில் ஒரே வேனில் போவோம், சாயங்காலம் ஒரே வேனில் திரும்புவோம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. ஊரே ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்கும்போது நாங்கள் இரண்டு பேரும் யூனிஃபார்மும் புர்காவுமாக வேனுக்கு நிற்போம். அதைப் பார்த்து அவள் வாரந்தோறும் அலுத்துக்கொள்வாள்.

"ஊருக்கெல்லாம் லீவு, நமக்கு மட்டும் என்னம்மா தலையெழுத்து?"

"வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குறப்ப இந்தக் கேள்வி வரலையே உனக்கு," என்பேன்.

வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்கு ஒரு சட்டம் போட்டேன். பள்ளி கேட்டுக்குள் நான் அவளுக்கு மிஸ். கேட்டுக்கு வெளியேதான் அம்மா. அவள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் எதிரே வந்தால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்" என்பாள். நானும் கல்லாக நின்று பதில் சலாம் சொல்வேன். வேனில் ஏறியதும் இரண்டு பேரும் சிரிப்போம். மதிய லுஹர் தொழுகைக்குப் பிள்ளைகள் கைகால் கழுவி ஒளு செய்ய வரிசையில் நிற்கும்போது, சட்டைக் கை நனைந்துவிடாமல் அவள் மடித்துக்கொள்கிறாளா என்று பார்க்கத் தோன்றும். பார்க்க மாட்டேன். என் சட்டத்தை நானே மீறினால் எப்படி?

ஏழாம் வகுப்பில் அவள் என் வகுப்புக்கு வந்தாள்.

அந்த வருடம் முதல் இடைத்தேர்வில் தமிழில் அவளுக்குத் தொண்ணூற்று மூன்று. வகுப்பிலேயே அதிகம். ஒரு மார்க்கூட நான் கூட்டிப் போடவில்லை. அவள் எழுத்தே அப்படி. மற்றப் பிள்ளைகள் கைடில் இருப்பதை அப்படியே இறக்கி வைப்பார்கள். இவள் தன் மனதில் பட்டதை எழுதுவாள். தாளைக் கையில் கொடுத்தபோது அவள் "ஜஸாக்கல்லாஹ் மிஸ்" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். வேனில் ஏறிய பிறகுதான் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலை ஆட்டினாள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். திருத்திய தாளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். முதல் பக்கத்தில் மேலே திருத்தியவர் கையொப்பம், கீழே பெற்றோர் கையொப்பம். அவள் தாளில் இரண்டு இடத்திலும் நான்தான். மேலே சிவப்பு, கீழே நீலம். பேனாவை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். வகுப்பில் இரண்டாவதாக வந்த பிள்ளையின் தாய் எழுந்தார். கணவருக்கு மொத்த வியாபாரம், பேச்சும் மொத்தமாகத்தான் இருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீக. டீச்சர் மகளுக்கு டீச்சரே பேப்பர் திருத்துனா, அப்பறம் எங்க புள்ளைக எதுக்கு ராப்பகலாப் படிக்கணும்?"

கூடத்தில் நாற்பது தாய்மார் இருந்தார்கள்.  நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "குலா வாங்குனதுல்ல அது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மார்க்குக்கும் குலாவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அந்த இடத்திலேயே அந்த அம்மாவுடைய மகளின் தாளையும் என் மகளின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மார்க்கக் கல்வி முடித்த ஓர் ஆலிமா. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மார்க் என்பது அமானத், நம்மை நம்பி அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்த பொருள் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்பவர்.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ஆனா நீங்க தனியா இருக்கிறவங்க. உங்க மேல ஒரு சொல்லு வந்தா அது பத்தாத் திரும்பி வரும். காலாண்டுல உங்க மக பேப்பர மட்டும் பெரிய கிளாஸ் மிஸ் திருத்தட்டுமா?"

அதுதான் சரியான வழி. இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் அந்த வருடம் எல்லா வருடத்தையும் போல முடிந்திருக்கும். ஆனால் என் கோபம் என்னை ஆட்ட விடவில்லை. என் பேனாவை நம்பாதவர்கள் என்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே பொருமினேன்.

"வேண்டாம் மேடம். நானே திருத்துறேன். இனிமே ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலாண்டுத் தேர்வில் கடிதம் எழுதும் கேள்வி வந்தது. குடிநீர் வசதி வேண்டி மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம், எட்டு மதிப்பெண். எல்லாப் பிள்ளைகளும் கைடில் உள்ள கடிதத்தையே எழுதியிருந்தார்கள். குழாய் உடைந்தது, சாக்கடை கலந்தது, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரிசையாக ஏழும் எட்டுமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு என் மகளுடைய தாள் வந்தது.

எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறை காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அந்த நேரத்தில் என் தாயார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு ஆள் இல்லை, மாலையில் கீழ் வீட்டில் கேட்டு இரண்டு குடம் வாங்கித் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார், எங்களைப் போல ஒரே ஆள் உள்ள வீடுகளுக்காக மாலையிலும் ஒரு மணி நேரம் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

படித்துவிட்டு ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டுக்கு நான்கு போட்டேன். பக்கத்தில் 'இன்னும் கவனம் தேவை' என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. கடிதத்தில் சொந்தக் கதை வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரையில் பத்தி பிரித்தது போதாது என்று இரண்டு, செய்யுள் விளக்கம் சுருக்கம் என்று மூன்று, கையெழுத்து சாய்கிறது என்று கேள்விக்கொன்று. வேறொரு பிள்ளையின் தாளில் இதே தவறுகளை நான் கண்டுகொண்டதே கிடையாது. கூட்டிப் பார்த்தபோது எழுபத்தொன்று வந்தது. எழுபத்தொன்று ஒன்றும் மோசமில்லை, பாஸ்தானே என்று தோன்றியது. அந்த மூன்றாவது வரி நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. அவளுடைய அத்தா இத்தனை வருடமாக ரேங்க் கார்டைக் கேட்டதே இல்லை. இனிமேல்தானா கேட்கப் போகிறார் என்று ஒதுக்கிவிட்டேன்.

மார்க் வாசித்த அன்று அந்த வியாபாரி வீட்டம்மா போனில் கூப்பிட்டார். "மாஷா அல்லாஹ், உங்கள மாதிரி நியாயமான டீச்சர நான் பாத்ததில்ல. நான் பேசுனத மனசுல வச்சுக்காதீக," என்றார். தலைமையாசிரியையும் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. குலா வாங்கி வந்ததிலிருந்து என்னை யாரும் நல்லவள் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு நான் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீலப் பேனாவை எடுத்தேன். அவள் தாளைத் தரவில்லை.

"அம்மா, எங்க தமிழ் மிஸ் எனக்கு மட்டும் கொறைச்சுப் போட்டுட்டாங்கம்மா."

நான் அவளைப் பார்த்தேன். கண்ணில் குறும்பு இல்லை. முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"என் ஃபிரண்டும் நானும் ரெண்டு பேப்பரையும் வச்சுப் பாத்தோம். அவ கட்டுரையில பத்தியே பிரிக்கல. அவளுக்கு ஏழு, எனக்கு அஞ்சு. கேட்டுக்குள்ள போயி நானே கேட்டா மரியாதையா இருக்காது. நீ பேரண்ட்டா வந்து கேளும்மா. மத்த புள்ளைக அம்மால்லாம் வந்து கேக்குறாங்க."

பள்ளியில் போட்ட சட்டத்தை அவள் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் பாருங்கள். மிஸ்ஸிடம் கேட்க முடியாததை அம்மாவிடம் கேட்கிறாள். தனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கிறாள். அவளுக்காகப் பேச உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்த நிமிடம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, உன் மிஸ் ஒரு முட்டாள், ஊருக்குப் பயந்தவள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"உன் மிஸ் சரியாத்தான் போட்டிருப்பாங்க. அடுத்தவ பேப்பரப் பாக்குறத விட்டுட்டு நீ எங்க விட்டேன்னு பாரு."

"லெட்டர்ல எங்கம்மா விட்டேன்? அதுல ஒண்ணுமே விடலையே?"

"விடாமத்தான் நாலு போட்டாங்களா? குடு இங்க."

தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். வெங்காயச் சாறு பட்டு எழுத்து லேசாகக் கலைந்தது. அவள் மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். யோசித்துக்கொண்டே போனாள். நான் எங்கே விட்டேன் என்று நிஜமாகவே யோசித்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வேனில் பேசுவது குறைந்தது. இரண்டாம் இடைத்தேர்வில் மறுபடி குறைத்தேன். ஒரு முறை ஆரம்பித்த பிறகு விட முடியவில்லை. திடீரென்று ஏறினால் அதற்கும் பேச்சு வருமே. அரையாண்டில் அவளுடைய தாளை எடுத்தபோது கடிதக் கேள்விக்கு எண் மட்டும் போட்டிருந்தாள். கீழே அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. கட்டுரை கைடில் உள்ளது, அதுவும் பாதியோடு நின்றுவிட்டது. கூட்டினேன், நாற்பத்தொன்பது. இந்த முறை நான் குறைக்கவில்லை. குறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

தமிழ் மட்டுமில்லை. கணக்கில் நாற்பத்து நான்கு, அறிவியலில் முப்பத்தொன்பது. தீனியாத் என்ற மார்க்க வகுப்பில் குர்ஆன் சூராக்களை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பவள், பாதியில் மறந்து நிற்கிறாள் என்று அந்த மிஸ்ஸும் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சர் என் காதில் விழட்டும் என்றே பக்கத்து டீச்சரிடம் சொன்னார்.

"அத்தா இல்லாத வீட்டுப் புள்ளைக ஏழு, எட்டுல வந்து இப்படித்தான் சரியும். நம்ம எத்தனை பாத்திருக்கோம்."

வழக்கமான நானாக இருந்திருந்தால் அந்த டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்குக் கையிலிருந்த நோட்டைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அத்தா இல்லாததால் அவள் சரியவில்லை. அம்மா கூடவே இருந்ததால் சரிந்தாள். அதை அந்த அறையில் யாரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் அவளுடைய அத்தா வந்து அவளை அழைத்துப் போவார். மாலை அஸர் தொழுகைக்குள் கொண்டுவந்து விடுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவளே தன் பையிலிருந்து ரேங்க் கார்டை எடுத்து அவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை, அவளாகவே காட்டியிருக்கிறாள். பிறகு அவளிடம் கேட்டபோது, "யாராவது ஒருத்தர் என்னன்னு கேக்கட்டும்னுதான்" என்றாள்.

கீழே பைக்கை நிறுத்திவிட்டு அவர் மாடிப்படியில் பாதி வரை ஏறி வந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார்.

"எம் மக நாலாவது வரைக்கும் முதல் ரேங்க். என்ன செஞ்ச நீ அவள?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நாளில் ஜமாஅத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்.

கூட்டம் அஸருக்குப் பிறகு, அவர் வட்டாரத்து மஹல்லாப் பள்ளிவாசல் அலுவலகத்தில். எனக்காகப் பேச என் அண்ணன் வந்திருந்தார். போகும் வழியெல்லாம் ஆட்டோவில், "நீ வாயத் தெறக்காத தாயி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆண்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். நானும் மகளும் பக்கத்தில், பிள்ளைகள் ஓதுகிற மக்தப் அறையில் உட்கார்ந்தோம். நடுவில் வாசலுக்குப் பச்சைத் திரை. ஓதும் பலகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் என் மேல் சாயவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி ரேங்க் கார்டை உரக்க வாசித்தார். தமிழ், தொண்ணூற்று மூன்று, எழுபத்தொன்று, அறுபத்து நாலு, நாற்பத்தொன்பது. கணக்கு. அறிவியல். ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தது. என் அண்ணன், புள்ளைக்கு உடம்புக்கு முடியல, அடுத்த பரீட்சையில சரியாயிரும் என்று எதையோ சொல்லிப் பார்த்தார். தொழுகை நடத்தும் இமாம் ஹஜ்ரத் பொறுமையான மனிதர். அவர் சொன்னதில் தவறும் இல்லை. "தாயி நல்லவங்கதான். ஆனா வேலையையும் பாத்துக்கிட்டு ஒத்தையா நின்னு படிப்பையும் கவனிக்கிறது கஷ்டம்தானே," என்றார்.

நான் கைப்பையில் இரண்டு தாள்கள் கொண்டுபோயிருந்தேன். அவளுடைய காலாண்டுத் தாள் ஒன்று. அவள் தோழியின் தாயிடம் கெஞ்சி வாங்கிய தாள் ஒன்று. இதைச் சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் என் பிள்ளை போய்விடும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"ஹஜ்ரத், புள்ள படிப்பு கொறையல. மார்க்கக் கொறைச்சது நான். அவ நல்லாத்தான் எழுதியிருந்தா. மகளுக்குச் சலுகை காட்டுறேன்னு பேரு வந்துரக் கூடாதேன்னு வேணும்னேதான் கொறைச்சுப் போட்டேன். அதுல மனசு விட்டுப்போய்த்தான் புள்ள படிக்காம நின்னுட்டா. பேப்பரு ரெண்டையும் வச்சுப் பாருங்க."

திரைக்கு அடியில் தாள்களை நீட்டினேன். அண்ணன் வாங்கிக் கொடுத்தார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு முத்தவல்லியின் குரல்.

"எந்த ஊர்லம்மா பெத்த தாயி புள்ள மார்க்கக் கொறைப்பா? புள்ளைய விட்டுரக் கூடாதுங்கிற தவிப்பு எங்களுக்கும் புரியுது. அதுக்காக அல்லாஹ்வோட வீட்டுல உக்காந்துக்கிட்டு இப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சத்தியமாச் சொல்றேன்..."

"வேணாம்மா. சத்தியமெல்லாம் வேணாம்."

அப்போது அவளுடைய அத்தா பேசினார். 

"அவ செஞ்சிருப்பா. எனக்கு அவளத் தெரியும்."

அந்தக் கூட்டத்தில் என் சொல்லை நம்பிய ஒரே ஆள் அவர்தான். யாரோடு வாழ முடியாது என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தேனோ, அவருக்கு மட்டும்தான் என்னைத் தெரிந்திருந்தது.

என் புர்காவின் கையைப் பிடித்து இழுத்தாள் மகள். நான் திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். ஏதோ கணக்குக்கு விடை கிடைத்தவள் போல என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த லெட்டர நான் சரியாத்தான் எழுதியிருந்தேனா?"

"சரியாத்தான் எழுதியிருந்த."

"எட்டுக்கு எத்தனை?"

"எட்டு."

"நான் ஒன்கிட்ட வந்து கேட்டேன்லம்மா. நீ அடுத்தவ பேப்பரப் பாக்காதன்னு சொன்ன. நான் எனக்குத்தான் மூளை இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். திரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்கத் தெரிய வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய நான் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ரத் திரைப்பக்கம் வந்து நின்று கேட்டார். "புள்ளைக்கும் வெவரம் தெரியுற வயசுதான். நீ சொல்லும்மா. யார்கிட்ட இருந்து படிக்க ஆசப்படுற? பயப்படாமச் சொல்லு."

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தா வீட்டுக்குப் போறேன்."

அண்ணனோடு திரும்பினேன். ஆட்டோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வில்லாபுரம் வரும் வரை ஹஜ்ரத் திருப்பித் தந்திருந்த இரண்டு தாள்களையும் நான் மடியில் வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளுடைய துணிமணிகளை அடுக்கினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் அத்தா வீட்டருகே இன்னொரு இஸ்லாமியப் பள்ளியில் அவளைச் சேர்ப்பதாக ஏற்பாடு. யூனிஃபார்ம் வேறு நிறம் என்பதால் பழைய யூனிஃபார்மை வைக்க வேண்டாம் என்றாள். மற்றதை எல்லாம் அவளே எடுத்துக் கொடுத்தாள். ஓர் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

தலைமையாசிரியையிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  "கூட்டிப் போட்டாலும் மோசடிதான், கொறைச்சுப் போட்டாலும் மோசடிதான். இது தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார். பிறகு அவர் கண்ணும் கலங்கிவிட்டது. தவ்பா செய்து அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார். அங்கே ரேங்க் கிடையாது. பிள்ளைகள் 'ஆடு' என்று எழுதினால் கையில் ஒரு நட்சத்திரம் வரைந்து அனுப்பினால் போதும். நான் எல்லோருக்கும் வரைகிறேன். ஆடு என்பது வாத்து மாதிரி இருந்தாலும் வரைகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அவள் என்னிடம் வருகிறாள். காலையில் வந்தால் பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன்னால் போய்விடுவாள். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் தால்ச்சா செய்வேன். சாப்பிடுவாள், கொஞ்சம் தூங்குவாள், போனில் எதையாவது பார்த்துச் சிரிப்பாள். என்னிடம் வெறுப்பாக நடந்துகொண்டாள் என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. வெறுத்திருந்தால் சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்போம். சண்டை போடுவதில் நான் கெட்டிக்காரி.

எட்டாம் வகுப்பு முதல் இடைத்தேர்வு முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"தமிழ்ல நாந்தாம்மா ஃபர்ஸ்ட். தொண்ணூத்தி நாலு."

"மாஷா அல்லாஹ்," என்றேன். தட்டில் இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினேன். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது. "மிஸ் நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க. கட்டுரையக் கிளாஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொன்னாங்க." வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அந்த மிஸ்ஸுக்கு நான் யாரோட மகள்னு தெரியாதும்மா."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சந்தோஷத்தில்தான் சொன்னாள்.